காலணி அலமாரிக்குள் பூட்டப்படும் இணையம்: புது வீடுகளைப் புதுப்பிக்கும் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுப்பிப்புக் குத்தகையாளர்களுக்கும் உள்வடிவமைப்பாளர்களுக்கும் மின்பணியாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் புதிதாகச் சாவி வாங்கிய வீடுகளில் நீங்கள் வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு உள்ளே வருபவன் நான். வீட்டுக்குள் இணையக் கம்பி இழுப்பதும் வைஃபை அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: தச்சு வேலைக்கான வரைபடத்தை வீட்டுக்காரரிடம் கையெழுத்துக்கு நீட்டும் முன், ஓஎன்டியும் (ஃபைபரில் வரும் ஒளியை இணையச் சமிக்ஞையாக மாற்றும் கருவி) ரவுட்டரும் உட்காரப்போகும் இடத்தையும் அதில் வரைந்துவிடுங்கள். அந்த இடம் இணைய நிறுவனத்தின் ஆள் வரும் நாளில் முடிவாவதில்லை; நீங்கள் பலகை அறுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

வெளியிலிருந்து வீடு வரை வரும் வேலையில் இங்கே பெரிய குறை சொல்ல முடியாது. நாடு தழுவிய ஃபைபர் (கண்ணாடியிழை) கட்டமைப்பு 2009-இல் போடத் தொடங்கப்பட்டது. இன்று அது நெட்லிங்க் டிரஸ்டின் பொறுப்பில் உள்ளது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று எந்த நிறுவனத்தின் சேவையை எடுத்தாலும் ஒளி வந்து சேர்வது சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் அதே சிறிய ஃபைபர் முனையப் பெட்டிக்குத்தான். கட்டடங்களுக்கான தகவல்தொடர்பு விதித்தொகுப்பு 2013-இல் திருத்தப்பட்ட பிறகு வந்த புது வீடுகளில், அந்தப் பெட்டியும் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் போகும் இணையக் கம்பிகளும் சாவி கைக்கு வரும்போதே தயாராக இருக்கின்றன. அதன் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

முனையப் பெட்டி பெரும்பாலும் வாசலை ஒட்டி, மின்சார டிபி (மின்விநியோக) பெட்டிக்கு அருகில் இருக்கும். இரண்டும் பார்க்க அழகாக இல்லை என்பதால் அவற்றை மறைத்துத் தரையிலிருந்து கூரை வரை ஒரு காலணி அலமாரி எழும்புகிறது. அழகுக்கு நான் எதிரி அல்லன். ஆனால் அலமாரியின் முதுகுப் பலகையில் வெட்டப்பட்ட துளை பெட்டியின் மூடி அளவுக்கே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தட்டு குறுக்கே ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைவதில்லை. செருகிய ஃபைபர் கம்பி வெளியே வந்ததும் அந்தத் தட்டில் இடித்து உடனே செங்கோணமாக மடங்குகிறது. செம்புக் கம்பி அப்படி மடங்கினாலும் பெரும்பாலும் தாங்கும். கண்ணாடியிழையை மடக்கினால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரியும். வீட்டுக்காரர் இணைய நிறுவனத்தைத் திட்டுவார்.

அதே அலமாரிக்குள் மின்சாரம் எங்கே என்று தேடினால், ஒரு பிளக் பாயிண்ட்கூட இருக்காது. ஓஎன்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, அறைகளுக்குப் போகும் கம்பிகளைப் பிரித்துக் கொடுக்க ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வைத்தால் அதற்கு ஒன்று என மூன்று வேண்டும். இல்லாதபோது கூடத்திலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பி கதவிடுக்கு வழியாக உள்ளே போகிறது. அதற்குப் பிறகு அந்தக் கதவு ஒழுங்காக மூடுவதே இல்லை. மழையில் நனைந்து வந்த பள்ளிக் காலணிகளோடு 24 மணி நேரமும் சூடாக ஓடும் கருவிகளை அடைத்து வைப்பது பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் கதவில் ஆளுயர நிலைக்கண்ணாடியும் ஒட்டப்படுகிறது. அதன் பின்பக்க உலோகப் பூச்சு வைஃபை அலையைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்.

அலமாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முனையப் பெட்டிக்கு முன்னால் தட்டு வராதபடி அலமாரிக்குள் ஒரு தனி அறை, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழம், மேலும் கீழும் காற்றுத் துளை, உள்ளே இரண்டு இரட்டை பிளக் பாயிண்ட்: இவ்வளவும் வரைபடத்தில் இருந்தால் அது அரை மணி நேரக் கூடுதல் வேலை. பலகை ஏறிய பிறகு அதுவே அறுத்தும் உடைத்தும் செய்கிற வேலையாகிவிடும்.

சிலர் இடைஞ்சல் என்று பெட்டியையே கழற்றி வேறு சுவருக்கு நகர்த்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டி நெட்லிங்க் டிரஸ்டின் உடைமை. நகர்த்த வேண்டுமென்றால் வீட்டுக்காரர் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி அவர்கள் வழியாகவே செய்ய வேண்டும். இழையின் நடுவே ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கு. கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போடக்கூடிய கம்பி அல்ல அது. இதே காரணத்தால்தான் தூசியும் பகை. தரைக்கல் வெட்டும்போதும் சுவரைத் தேய்க்கும்போதும் பறக்கும் வெண்பொடி, மூடி கழன்ற முனையில் படிந்தால் போதும், ஒளி அங்கேயே மங்கிவிடும். வேலை தொடங்கும் முதல் நாளே பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிட்டால் இது தீர்ந்தது.

மின்பணியாளர்களுக்குத் தனியாக ஒன்று. கேட் 6 வகை இணையக் கம்பிக்குள் எட்டு செம்பு இழைகள் இருக்கின்றன. ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்து, நான்கு இழைகளை ஒரு பாயிண்டுக்கும் மற்ற நான்கை இன்னொரு பாயிண்டுக்கும் கொடுக்கும் பழக்கம் தொலைபேசிக் காலத்தில் வந்தது, இன்னும் போகவில்லை. நான்கு இழைகளில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே ஓடும். ஒரு கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். சோதனையில் வேகம் எப்போதும் 100-ஐத் தாண்டாமல் சற்றுக் கீழேயே நின்றால், நான் ரவுட்டரைப் பார்ப்பதற்கு முன் சுவர் பாயிண்டின் மூடியைத்தான் கழற்றுகிறேன். மூடிக்குப் பின்னால் இரண்டிரண்டாக முறுக்கியிருந்த இழைகள் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குப் பிரித்துவிடப்பட்டிருப்பதையும் அங்கேதான் காண்கிறேன். ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. மின்கம்பி ஓடும் குழாய்க்குள்ளேயே இதையும் சேர்த்து இழுப்பது இன்னொரு தவறு.

வீட்டுப் புகலிடம், நம் பேச்சில் பாம் ஷெல்டர், இருக்கும் வீடுகளில் சிக்கல் கூடுதல். இரும்புக் கம்பி பதித்த தடித்த கான்கிரீட் சுவர் வைஃபையைக் கடுமையாக மறிக்கிறது. அதை உடைத்தோ துளைத்தோ குழாய் கொண்டுபோக அனுமதியும் இல்லை. எனவே ரவுட்டரைப் புகலிடத்துக்குள் வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூடத்துக்கு ஏற்கெனவே வந்திருக்கும் கம்பியின் முனையில் வைஃபை கருவியை வைப்பதே நல்லது. தொலைக்காட்சிச் சுவரில் அலங்காரப் பலகை அடிப்பவர்கள் அந்தக் கம்பியின் முனையைப் பலகைக்குப் பின்னால் புதைத்துவிடாமல் வெளியே எடுத்துவிட்டால் மட்டுமே இது நடக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) வேகத்துக்குக் கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி வரை செலவிடப்போவதாகத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024-இல் அறிவித்தது. நல்ல கேட் 6 கம்பி ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு அந்த வேகத்தைத் தாங்கும். 55 மீட்டர் வரை தாங்கக்கூடியது. ஒட்டுப்போட்ட கம்பி தாங்காது.

வேலையிடத்தில் கம்பியைத் தொடுபவர் வரைபடம் போட்டவர் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து வேலை செய்துகொண்டிருப்பார். குறிப்பில் இல்லாததை அவர் செய்யவில்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பெட்டியைப் பலகையால் அடைக்காதே, நகர்த்தாதே, எட்டு இழையையும் மாட்டு என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் எழுதி டிபி பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். தமிழில் எழுதித் தர ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். வங்காள மொழியில் எழுத உங்கள் ஆட்களிலேயே ஒருவர் இருப்பார்.

புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் புதுப்பிப்புப் பணிக்குக் கிடைப்பது 3 மாத அவகாசம். அதன் கடைசி வாரத்தில் பலகைகளை நிரந்தரமாக அடிக்கும் முன், ஒவ்வொரு பாயிண்டிலும் கம்பிச் சோதனைக் கருவியைச் செருகி எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றனவா என்று வீட்டுக்காரர் முன்னிலையில் காட்டிவிடுங்கள். விலை அதிகமில்லாத கருவிதான் அது. எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று முனையில் ஒரு சீட்டும் ஒட்டிவிட்டால் எனக்குப் பின்னால் வருபவருக்கும் உதவும்.

இப்படிக்கு,
வீட்டு இணைய இணைப்புத் தொழிலில் இருக்கும் ஒருவர்,
சிங்கப்பூர்