ரோட்டரைக் கழற்றும் முன் அதிர்வெண்ணைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

என்னிடம் தொழில் பழகிய தம்பி ஒருவன் இப்போது கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். சென்ற வாரம் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். "ஐயா, கம்ப்ரசர் ரோட்டரை ரெண்டு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு. இன்னமும் ஆடுது."

ரோட்டர் என்பது கம்ப்ரசருக்குள் சுழலும் தண்டுப் பகுதி. "எத்தனை ஹெர்ட்ஸ்ல ஆடுது?" என்று கேட்டேன், அதாவது நொடிக்கு எத்தனை முறை. அவனிடம் இருந்தது மொத்த அதிர்வையும் ஒரே எண்ணாகக் காட்டும் கைமீட்டர். அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

பல வருடங்களுக்கு முன் நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடிய ஒரு கம்ப்ரசரில் நாங்களும் இப்படித்தான் அலைந்தோம். 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150. பேலன்ஸ் கெட்டிருந்தால் அதிர்வும் 150 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் அனலைசரை மாட்டியபோது, அதில் பெரிய முனை 68 ஹெர்ட்ஸில் இருந்தது, அதாவது ஓட்ட வேகத்தில் 45 சதவீதம். தண்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் சுழன்று தண்டைத் தள்ளினால் பெரும்பாலும் 42 முதல் 48 சதவீதத்துக்குள் வரும். பேரிங்கை ஒட்டிய எண்ணெய் நிற்கிறது, தண்டை ஒட்டிய எண்ணெய் தண்டோடு ஓடுகிறது. நடுவில் சராசரி பாதி, ஓரக்கசிவால் அதற்கும் சற்றுக் குறைவு. இதற்கும் பேலன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்கோப் திரையில் தண்டு போகும் வட்டத்தின் மேல், சுற்றுக்கு ஒன்றாக விழும் அடையாளப் புள்ளிகளைப் பார்த்தேன். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அவை ஓரிடத்தில் நிற்காமல், தண்டு சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல நகர்ந்தன. சரியாகப் பாதியில் இருந்திருந்தால் அசையாமல் நின்றிருக்கும். அப்போது உரசலையோ தளர்வையோ தேடியிருப்போம். எண்ணெயின் சூட்டை 40-லிருந்து 47 டிகிரிக்கு ஏற்றினோம், முனை சுருங்கியது. அப்புறம் பேரிங்கைத் திறந்தால் அதன் உள்பூச்சான வைட் மெட்டல் இழுபட்டு, தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி கூடியிருந்தது. பிறகு தண்டைச் சுற்றிச் சாய்ந்து கொடுக்கும் துண்டுகள் உள்ள டில்டிங் பேட் பேரிங் போட்டோம், அந்த முனை திரும்பி வரவில்லை.

இதில் எனக்குள்ள பயம் ஒன்றுதான். தண்டின் இயல்பான அதிர்வெண்ணோடு ஓட்டம் ஒத்துப்போகும் வேகத்தைக் கிரிட்டிக்கல் வேகம் என்போம். ஓட்டம் முதல் கிரிட்டிக்கல் வேகத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால், எண்ணெய்ச் சுழல் அந்தக் கிரிட்டிக்கலிலேயே பூட்டிக்கொள்ளும். அதன்பின் வேகத்தை ஏற்றினாலும் முனை நகராது, ஆட்டம் மட்டும் ஏறும். பேரிங்கையும், கசிவைத் தடுக்கும் சீல்களையும் தின்றுவிடும். 1925-இலேயே எழுதிவைத்த விஷயம் இது.

நம் ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு பேலன்சிங் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது, அதிர்வெண் பிரித்துப் பார்க்கவும் பழக்க வேண்டும். ஆலைகளும் ஷிப்டுக்கு ஒருவரையாவது அனலைசரில் உட்கார வைக்க வேண்டும். கடலூரில் எந்தப் பயிற்சி மையம் கூப்பிட்டாலும் நான் சம்பளம் வாங்காமல் வந்து சொல்லித்தரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோர்மேன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.