மழை வந்தால் வரட்டும்

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் உன் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் மூன்று நாள் தங்குவதற்கு ஆறு மாதமாக ஏற்பாடு செய்துவிட்டு, மூன்று நாளும் மழை என்று வானிலை அறிக்கை சொன்னதும், முகாமையே தள்ளிப்போட்டுவிடலாமா என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டு புவியியல் நடத்தியவள் சொல்லும் பதில் அதுவல்ல என்று பிறகுதான் உறைத்தது.

நீங்கள் தங்கப்போகும் பாரோடேல் பள்ளத்தாக்கில்தான் சீத்வெயிட் இருக்கிறது. இங்கிலாந்தில் குடியிருப்புள்ள இடங்களிலேயே மிக அதிக மழை பெறும் சிற்றூர் அது. ஆண்டுக்கு 3,000 மி.மீட்டருக்கு மேல் பெய்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மேடுகளில் மோதி ஏறிக் குளிர்வதால்தான் அவ்வளவு மழை, அந்த மழையால்தான் நீ படம் எடுத்து அனுப்பிய பாசி படர்ந்த ஓக் காடுகள். அங்கே அக்டோபரில் மழையில்லாத மூன்று நாளைத் தேடுவது, ஆடி மாதத்தில் வால்பாறையில் வடகம் காயவைக்க இடம் தேடுவதைப் போன்றது.

சென்ற ஆண்டு ஜூலையில் பதினோரு பெண்களோடு நான் வால்பாறைக்குப் போய் வந்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்தது முழுவதையும் நான் சொன்னதில்லை. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் நாங்கள் இறங்கியபோதே அடைமழை. வெளியே போகாமல் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தோம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பேசப்பட்டவை என்ன தெரியுமா? மொட்டை மாடியில் காயும் துணி, திறந்து கிடக்கும் சன்னல், பிள்ளை குடை எடுத்துப் போனானா என்ற கவலை. நான் மிளகாய் காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். உன் அப்பாவிடம் சொல்லலாம் என்றால் கைப்பேசியில் சிக்னல் இல்லை. எங்களில் ஒருவர்கூட அந்த மழையைப் பார்க்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தால் எழுந்து ஓடவேண்டும் என்று பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கால்கள், ஓடுவதற்கு மாடி இல்லாமல் தவித்தன என்றுதான் சொல்லவேண்டும்.

சமையற்காரர் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். யாரும் எழுந்து அடுப்படிக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அதன் பிறகுதான் எதிரே சில்வர் ஓக் மரத்தின் பட்டையில் நீர் கயிறு திரித்ததுபோல இறங்குவது என் கண்ணில் பட்டது. மழை சற்றுத் தணிந்த இடைவெளியில் ஓடைப் பக்கமிருந்து சீட்டியொலி கேட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் பாட்டை மறந்து பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்குவதைப்போல ஒரு மெட்டு. சீகாரப் பூங்குயில் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். வெயில் நாளில் போயிருந்தால், படம் எடுத்துக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருப்போம். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக மழை எனக்கு வேலை எதையும் கொண்டுவரவில்லை. உன் எட்டுப் பெண்களில் சிலருக்காவது அப்படி ஒரு மழை தேவைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. மறுநாள் காலையில், தலையை மூடும் கொங்காணியும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியுமாக, கொழுந்து பறிக்கும் பெண்கள் அதே மழையில் சரிவில் நின்றார்கள். குச்சி நுனியில் துணியில் கட்டிய உப்பை எங்கள் காலில் ஏறிய அட்டைமீது ஒற்றி, அது சுருண்டு விழுவதைக் காட்டியவர் அவர்களில் ஒருவர்தான். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் அது விழுந்த பிறகும் வெகுநேரம் கசியும், பயப்படவேண்டாம் என்றார். மழையில் நனைய நாங்கள் பணம் கட்டி வந்திருப்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். கனமான ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டின் முன்பக்கத்தைப் பூட்டாமல் நடந்தேன். இரண்டு மணி நேரத்தில் உடம்பெல்லாம் ஊறிவிட்டது, காற்று வேறு. பங்களாவுக்குத் திரும்பிச் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தால் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பற்கள் கிட்டின. ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும் வேகம் உலர்ந்த காற்றைவிடப் பல மடங்கு என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வழிகாட்டிப் பெண்தான் ஈர உடையைக் களையச் செய்து, கம்பளி சுற்றி, சூடான சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அது வால்பாறை. உங்கள் மலையில் 8 டிகிரியில், காற்றும் மழையும் சேர்ந்தால், ஒருத்தி உளறத் தொடங்கும் வரை மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். நடுங்கிக்கொண்டிருந்தவள் உடம்பு சூடாகாமலே திடீரென்று நடுக்கத்தை நிறுத்தினால் அது நல்ல அறிகுறி அல்ல என்பதை எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடு.

"மோசமான வானிலை என்று ஒன்றில்லை, மோசமான உடைதான் உண்டு" என்று நார்வேக்காரர்கள் சொல்வார்கள் என்றாய். கேட்க நன்றாக இருக்கிறது. நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2009 நவம்பரில் அதே சீத்வெயிட்டில் 24 மணி நேரத்தில் 316 மி.மீ. கொட்டியது; 2015 டிசம்பரில் பக்கத்திலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 341 மி.மீ. அதற்கு எந்த மழைக்கோட்டும் பதில் சொல்லாது. எங்கள் மூன்றாம் நாளில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் அருவிக்குப் போவதை வழிகாட்டி ரத்து செய்தார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்று மட்டும் அவர் கேட்டார். பிறகு யாரும் பேசவில்லை. நனைவதும் நடுங்குவதும் ஒரு பக்கம். ஓடை பெருகுவதும் மண் சரிவதும் இடி இறங்குவதும் வேறு பக்கம். எங்கள் ஆரஞ்சைப் போன்ற ஆம்பர் எச்சரிக்கை உங்களுக்கு வந்தால் மலையேறுவதை விட்டுவிட்டு அடுப்பருகே உட்காருங்கள். காலையில் தாண்டிய ஓடை மாலையிலும் தாண்டும்படி இருக்கும் என்று நம்பாதே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உச்சியை விட்டு இறங்கு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறாதே.

ஒவ்வொருவரும் ஒரு முழு உடுப்பை, உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் உட்பட, பிளாஸ்டிக் பையில் கட்டி முகாமிலேயே வைத்திருக்கட்டும். இரவு அதை மட்டுமே உடுத்தவேண்டும், மறுநாள் காலை நடைக்கு ஈர உடையையே மறுபடி மாட்டிக்கொள்ளவேண்டும். கொடுமையாகத் தோன்றும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். உலர்ந்தது ஒன்று காத்திருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் மழையில் சிரிக்கிறார்கள். மாதவிலக்கு வந்த பெண்களுக்கு நாப்கினும் அதைக் கட்டிப்போட உறையும் நீ தனியாக எடுத்து வை; கேட்கக் கூச்சப்படுபவர் ஒருவராவது இருப்பார். தொளதொளப்பான மழைப்போர்வை இரண்டு வாங்கு. வெட்டவெளியில் சிறுநீர் கழிக்க அதைவிட நல்ல மறைப்பு இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தப் பயத்தில் தண்ணீரே குடிக்காமல் நடந்து தலைவலியோடு திரும்பினார்கள்.

எட்டுப் பேருக்கும் இப்போதே எழுது: மழை பெய்யும், முகாம் நடக்கும், வர விருப்பமில்லாதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று. எத்தனை பேர் பணத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்.

அப்பா நலம். அன்று என் மிளகாய் மொத்தமும் நனைந்து பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. மழை வந்தால் மாடிக்கு ஓடும் வேலை அதிலிருந்து அவருடையது. நேற்றுச் சாரலில் துணிகளை எடுத்தார், இரண்டு துண்டுகளை மறந்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா