விடிந்தபின் கண்ட குழி

தம்பி,

இந்தப் பங்குனியோடு நீ பேசாமல் போய் ஒரு வருஷம். விடிந்தபின் கண்ணில் படும் கடலாமை முட்டைக்குழியை இனித் தோண்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்று ஆமைத் தடம், பெரிய அலை ஏறும் எல்லையான ஓதக்கோட்டுக்குக் கீழேயே திரும்பியிருந்தது. ஈர மணல், பௌர்ணமி நெருக்கம். விட்டால் கடல் ஏறிவிடும் என்றேன். நீ குனிந்து, தடத்தின் ஓரம் காய்ந்து உதிர்வதைக் காட்டினாய்: "இட்டு ரொம்ப நேரமாச்சுண்ணே." இட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் பயமில்லை. நேரம் கடந்தால் கரு மேலோட்டில் ஒட்டத் தொடங்கும். முட்டை புரண்டால் சவ்வு அறுந்து உள்ளேயே சாகும். வாளியில் ஈர மணல் போட்டேன், மேல்பக்கம் மேலாகவே வைத்தேன். ஆனாலும் நூற்றுச் சொச்சம் முட்டையோடு மணலில் நடந்தால் வாளி குலுங்காமல் இருக்குமா? மேட்டில் மாற்றிப் புதைத்ததை ஐம்பது நாள் கழித்துத் தோண்டியபோது, உள்ளேயே செத்திருந்தது தெரிந்துபோயிற்று. தப்பு என்னுடையது.

அங்கேயே விட்டிருந்தால் மட்டும்? உப்புத்தண்ணீர் தேங்கினால் முட்டைக்கு மூச்சு முட்டும். அதற்கு நீ வழி சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

வனத்துறை அனுமதியோடு செய்த வேலை அது. எந்தத் திட்டு என்று எழுதவில்லை, முட்டை பொறுக்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

நீ நட்ட அடம்புக்கொடி மேட்டின் சரிவு முழுக்கப் படர்ந்துவிட்டது, கணுவுக்குக் கணு வேர். முன்வரிசையில் இராவணன் மீசைப் புல் தானாக வந்திருக்கிறது. சவுக்கு வேண்டாம் என்று நீ சண்டை போட்டது சரிதான். அதன் நிழலில் மணல் குளிரும். 30 டிகிரியை ஒட்டித்தான் ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது, குறைந்தால் ஆண் கூடும்.

இப்போது பழவேற்காடு ஏரிப்பக்கம் சூளூர்ப்பேட்டையில் பூநாரை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிறாயாம். நல்லது. ஏரிப்பக்கம் பகலில் வர ஆள் இருக்கிறது, கடல்பக்கம் ராத்திரி நடக்கத்தான் யாருமில்லை.

ஓதக்கோட்டுக்கு மேலே இருக்கும் குழிகளுக்கு, நான்கு விரல் கண் உள்ள வலையைப் படுக்கைவாட்டில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, நாலு மூலையிலும் ஆப்பு அடிக்கப்போகிறேன். குஞ்சு வெளியேறும், நாயும் நரியும் தோண்ட முடியாது. பிறகு தடத்தைக் கலைத்துவிட வேண்டும். கீழே இருப்பதை, ஆமை இட்டுக்கொண்டிருக்கும்போதே பார்த்தால்தான் எடுப்பேன். மற்றது கடலுக்கு.

மூங்கில் ஆப்புக் கட்டு உன் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. நீ வராவிட்டாலும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.