சீரியல் கருவிகளின் கையேடு எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். ஓர் ஆய்வகத்தில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் பணி. மாதிரிக் குப்பிகளில் ஒட்டும் லேபிள்களை அச்சிடுவதற்காக, சீரியல் போர்ட்டில் (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் இணைப்பில்) இயங்கும் ஒரு பிரிண்டரை வாங்கினோம். அதன் கையேட்டில் ஃப்ளோ கண்ட்ரோல் (பெறும் கருவி தயாராகும்வரை அனுப்பும் கருவியைப் பொறுக்கச் செய்யும் முறை) பற்றி இருந்தது ஒரே ஒரு சொல்: ‘ஹார்ட்வேர்’. அதை நம்பி நான்கு நாள்களை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பத்து லேபிள்களை அச்சிட்டுப் பார்த்தபோது ஒரு பிழையும் இல்லை. நூறு லேபிள்களை ஒருசேர அனுப்பியபோதோ நடுநடுவே வரிகள் காணாமல் போயின. மாதிரி எண் பாதியில் அறுந்த லேபிள் குப்பியில் ஏறிவிட்டால், ஒருவருடைய பரிசோதனை முடிவு இன்னொருவருக்குப் போய்விடக்கூடும். பிரிண்டரின் பஃபர் (வந்த தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) நிரம்பும்வரை ஃப்ளோ கண்ட்ரோலுக்கு வேலையே இல்லை என்பதால், சிறிய சோதனைகளில் இக்குறை வெளிப்படுவதே கிடையாது.

போர்ட்டின் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளை வழியாக, ‘ஹார்ட்வேர்’ எனப்படும் ஆர்டிஎஸ்–சிடிஎஸ் முறையை (‘அனுப்பு’, ‘பொறு’ என்பதைத் தனிக் கம்பிகளில் சொல்வது; ஆர்டிஎஸ் கணினி அனுப்பும் சைகை, சிடிஎஸ் அது பெறும் சைகை) இயக்கியதும் ஓர் எழுத்துகூட வெளியே போகவில்லை. நிரலை நிறுத்தியும், போர்ட் மூட 30 விநாடி ஆயிற்று. லினக்ஸின் உட்கருவான கர்னல் காட்டும் சீரியல் நிலைப் பட்டியலில் ஆர்டிஎஸ், டிடிஆர் (கணினி தயார் என்னும் சைகை) இரண்டும் இருந்தன, சிடிஎஸ் இல்லை. பெட்டியோடு வந்த கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது 2, 3, 5 ஆகிய பின்களில் மட்டுமே கம்பி இருப்பதைக் காட்டும் ஒலி கேட்டது. ஹார்ட்வேர் முறைக்கு இன்றியமையாத 7, 8 ஆகிய பின்களுக்குக் கம்பியே இல்லை. மாற்றாக வந்த கேபிள் அதைவிட மோசம்: கணினிப் பக்கத்திலேயே 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கணினி தன் ஆர்டிஎஸ் சைகையையே சிடிஎஸ் என்று வாங்கிக்கொண்டு, பிரிண்டர் ‘பொறு’ என்று சொல்ல வழியில்லாத நிலையில், எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது.

பிறகு எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் முறைக்கு மாறினேன்; அதில் ‘தொடர்’, ‘நிறுத்து’ என்ற ஆணைகள் தரவோடு தரவாகக் குறியீடுகளாகவே செல்லும். அதற்கு அந்த மூன்று கம்பிகளே போதும். நூறு லேபிள்களும் ஒழுங்காக வந்தன. ஆனால் ஒவ்வொன்றாக அச்சிட்ட ஒரு நாள், 19-ஆவது லேபிளோடு எல்லாம் நின்றது. அச்சான எண்ணிக்கையை ஒரு பைட்டாகத் திருப்பி அனுப்புவது அந்தப் பிரிண்டரின் வழக்கம். 19 என்பது எக்ஸ்ஆஃப் குறியீடு. கணினி அதை ‘நிறுத்து’ என்ற ஆணையாக எடுத்துக்கொண்டு, 17 என்னும் எக்ஸ்ஆன் குறியீட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டு லேபிள்களுக்கு முன் வந்த 17-உம் நிரலை எட்டாமல் நடுவிலேயே விழுங்கப்பட்டிருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். எந்த முறை, எந்தத் திசையில், எந்தப் பின்கள் வழியாக என்பதைக் கையேட்டில் எழுதுங்கள். கருவி பைனரித் தரவை (எந்த எண்ணும் வரக்கூடிய பைட்டுகளை) அனுப்புமானால், எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் முறை ஏன் ஆகாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் அமைப்புகள் உண்டு, ஆர்டிஎஸ்–சிடிஎஸ் அமைப்பு இல்லை. ஆதலால் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள் ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஓட்டிப்பார்த்த எஸ்டிடிஒய் வரி ஒன்றைத் தனித்தனியே அச்சிடுங்கள். பெட்டிக்குள் வைக்கும் கேபிளில் 7, 8 பின்கள் மறுமுனையில் எங்கே சேர்கின்றன என்ற படத்தையும் அந்தப் பக்கத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகக் கணினிப் பராமரிப்பாளர்