அண்ணனுக்குக் காப்புரிமை

ஹொனலுலு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் குழு உருவாக்கிய தக்காளி ரகத்துக்குக் காப்புரிமை கேட்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னாய். மகிழ்ச்சி. அதோடு, இந்த ஹவாய் தீவுகளில் நடந்த ஒரு விவகாரத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டில் வறுவல் செய்கிறோமே, அந்தச் சேப்பங்கிழங்குக்கு இங்கே 'கலோ' என்று பெயர். இங்குள்ள பழங்கதைப்படி, வானத் தந்தை வாக்கேயாவின் முதல் குழந்தை உயிரின்றிப் பிறந்ததாம். புதைத்த இடத்தில் முளைத்ததுதான் கலோ. அடுத்துப் பிறந்த ஹாலோவா மனிதர்களின் மூதாதை. ஆகவே ஹவாய் மக்களுக்குக் கலோ மூத்த அண்ணன். அதை வேகவைத்து இடித்த 'போயி'க் கிண்ணம் திறந்திருக்கும்போது யாரும் சண்டை போடக் கூடாது. (உனக்கும் உன் அண்ணனுக்கும் நடுவே அப்படியொரு கிண்ணத்தை வைக்க எனக்குத் தோன்றாமல் போயிற்று.)

அண்ணனைப் பேணுவதும் எளிதல்ல. ஓடைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து, வயலுக்கு வயல் வழிந்து, மீண்டும் ஓடையில் சேர வேண்டும். தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு முதலாளிகள் மவுயி தீவின் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதும் எத்தனையோ கலோ வயல்கள் காய்ந்தன. அந்தத் தண்ணீருக்கான வழக்குகள் இந்த நூற்றாண்டிலும் நடந்தன.

விவகாரத்துக்கு வருகிறேன். இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று கலப்புக் கலோ ரகங்களுக்கு ஹவாய் பல்கலைக்கழகம் 2002இல் காப்புரிமை பெற்றது. ஒரு பெற்றோர் 'மவுயி லெஹுவா' என்ற உள்ளூர் ரகம். மற்றொன்று பலாவ் தீவிலிருந்து வந்தது. ஆராய்ச்சியாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். நோயும் உண்மை, அவர்கள் உழைப்பும் உண்மை. ஆனால் அறுவடைதோறும் கிழங்கின் தலைப்பகுதியைத் தண்டோடு வெட்டி மறுபடி நட்டு, நல்லதைத் தேர்ந்து தேர்ந்து காத்துத் தந்த தலைமுறைகளின் உழைப்பு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? விவசாயிகளும் ஹவாய் பழங்குடி மக்களும் திரண்டு எதிர்த்தார்கள். குடும்பத்தின் மூத்தவனுக்கு எவன் உரிமையாளன் ஆக முடியும்? 2006இல் பல்கலைக்கழகம் மூன்று காப்புரிமைகளையும் கைவிட்டது.

உன் அண்ணன் இதை ஒப்புக்கொள்வதில்லை. வருமானம் இல்லாவிட்டால் அடுத்த நோய்க்கு யார் ஆராய்ச்சி செய்வார்கள் என்கிறான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் நான் விவசாயிகள் பக்கம்தான்.

உங்கள் தக்காளியின் தாய்ச்செடி எந்த ஊர் விதை? யார் கொடுத்தார்கள்? விண்ணப்பத்தில் அவர்களைப் பற்றி எழுத இடம் இருக்கிறதா? பதில் எழுது.

அன்புடன்,
அப்பா