இடித்த வீட்டுச் சாமான் என்றால் இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கட்டுமானச் சிறப்புப் பகுதியில், பழைய சாமான்களைக் கொண்டு வீடு கட்டுவதை ‘ஏழைக்கேற்ற எள்ளுருண்டை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். அடுத்த பக்கத்திலேயே, பழைய செங்கல் போலத் தெரியும் ஓடுகளுக்கு முழுப்பக்க விளம்பரம். அசலுக்கு இளக்காரம், நகலுக்கு வண்ணப்பக்கம். நல்ல நியாயம்!

என் வீட்டு நிலை, கதவு, உத்தரம் எல்லாமே இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. நெருக்கமான வளையங்களோடு நிதானமாக வளர்ந்து, நன்றாகக் காய்ந்த மரம். அப்புறம் ஆசைப்பட்டுப் புது மரத்தில் போட்ட ஒரே கதவைத்தான் மழைக்காலத்தில் தோளால் இடித்துத் திறக்கிறோம். வீடு கட்டும்போது வந்த பொறியாளர் உத்தரத்தைத் தட்டிக்கூடப் பார்க்காமல், “இதற்கு நான் பொறுப்பில்லை” என்றார். அவர் சொல்லி வாங்கிய புதுச் சரக்கில் விரிசல் விட்டபோதும் அவர் பொறுப்பேற்கவில்லை.

செங்கல் சுட ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. பழைய கல்லுக்கு அந்த எரிபொருளை என்றோ செலவழித்தாயிற்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் தட்டினாலே கல் முழுசாகப் பிரியும். சிமென்ட் கலவை விடாது; பிரிப்பதற்குள் கல்லே உடைந்துவிடும். நாளை யாரும் பிரித்தெடுக்க முடியாதபடி இன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடமில்லை. ‘பசுமை வீடு’ என்று மொட்டைமாடித் தொட்டிச் செடிகளின் படம் போட மட்டும் இடம் இருக்கிறது.

ரோமில் கி.பி. 315-இல் நிறுவிய பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவில், முந்தைய பேரரசர்களின் நினைவுச்சின்னங்களிலிருந்து எடுத்த சிற்பங்களைப் பதித்திருக்கிறார்கள். பாவம், பேரரசருக்கும் கையில் காசில்லை போலும்.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. என் முந்தைய கடிதங்களுக்கே இடம் கிடைக்கவில்லை, அது போகட்டும். பழைய சாமான் வாங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கால் பக்கமாவது போடுங்கள். இரண்டு செங்கற்களைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மரத்தில் கரையான், புழு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணிகளைத் தேட வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பரிசோதிக்காமல் சுரண்டக் கூடாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்