உயரத்தோடு விரலையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயரமான பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வாலிபால் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரி, சேர்க்கட்டும். அதற்கு முன் அந்தப் பிள்ளையின் கையையும் கொஞ்சம் பாருங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு 14 வயது. ஒல்லி, வகுப்பிலேயே உயரம். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடினால், நகம் முழுக்கச் சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தோழிகளிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். நாங்களும் ரசித்தோம். ஆறு வருடமாகக் கண்ணாடி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மேல்பக்கமாக நழுவியிருந்தது. உடனே அவளை நிற்கவைத்து இரு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தார். உயரத்தைவிட அதிகம் வந்தது. "முதலில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்கள்" என்றார். கண்ணுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன்.

மார்ஃபான் என்ற இந்தப் பரம்பரை நோயில், ஃபைப்ரிலின் என்ற புரதம் சரியாக அமைவதில்லை. லென்ஸைக் கட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகளிலும், இதயத்திலிருந்து ரத்தத்தை உடலுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் சுவரிலும் இருப்பது அதே புரதம்தான். சுவர் தளர்ந்து தமனி மெல்ல மெல்ல விரியும், வலிக்காது. கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986-ல் ஜப்பானில் ஒரு போட்டியின்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். வயது 31. அவருக்கும் மார்ஃபான் இருந்தது என்று இறந்த பிறகுதான் தெரிந்தது.

எக்கோ பார்த்த டாக்டர் என் கையையும் பிடித்துப் பார்த்தார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். என் பெருந்தமனி 4.6 செ.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கிறது. என் அப்பா 41 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மாரடைப்பு என்றார்கள், நம்பினோம். அவருக்கும் இதே விரல்கள்.

இப்போது இருவருமே மாத்திரை சாப்பிடுகிறோம், ஆண்டுதோறும் எக்கோ எடுக்கிறோம். மகள் வாலிபாலை விட வேண்டியதாயிற்று. அன்றைக்கு இரவெல்லாம் அழுதாள்.

விரல் நீண்டவர்களுக்கெல்லாம் இந்த நோய் இருக்காது. ஆனால் அதோடு உள்வாங்கிய நெஞ்செலும்போ, வளைந்த முதுகோ, நழுவிய லென்ஸோ, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணமோ இருந்தால், எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைக் களத்தில் இறக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை